ஜலதோஷத்தில் சிவந்த கண்

— கதவத் திறக்கச் சொல்லு பாப்பா. நான் உடைச்சா கதவோட சேந்து அவனும்தான் உடைவான்.

— அண்ணா, கொஞ்சம் இரு. அந்தக் கம்பியக் கீழ போடு. பாத்ரூம் கதவு, பிளாஸ்டிக். ஒரு தட்டு தட்டினா போயிடும்.

— போகட்டும். டேய் வாத்தி, லாரி டயரையே ரிம்ம விட்டுக் கழட்டுற கம்பிடா இது. உன் தாழ்ப்பாள் எம்மாத்திரம்?

— மச்சான், நியாயமா பேசுவோம். வாசக்கதவத் திறந்த என் கையில நீங்க இரும்பால அடிச்சிருக்கீங்க. மணிக்கட்டு வீங்கிடுச்சு. விரல அசைக்க முடியல. இது கேஸ் ஆகும்.

— ஆகட்டும். கேஸ் குடுக்கணும்னா கையெழுத்துப் போடணுமே? இன்னொரு கையையும் வெளிய நீட்டு, அதையும் பாத்துடலாம்.

— அண்ணா.

— நீ பேசாத. அந்தக் கறுப்புக் கண்ணாடியக் கழட்டு, அப்புறம் பேசு.

— கழட்டினா உனக்குக் கோவம் இன்னும் ஏறும். அதான் கழட்டல. இது கண்வலி. ஜலதோஷம் பிடிச்சுது, அதோடவே கண்ணும் சிவந்துடுச்சு. மூக்கு ஒழுகுது, தொண்டை கட்டியிருக்கு. என் குரலக் கேட்டாலே தெரியலயா?

— அழுதவ குரலும் அப்படித்தான் இருக்கும்.

— நான் அழல.

— என் கிட்டயேவா பாப்பா? உங்கண்ணி சொன்னா, ஃபோன்ல உன் குரலே சரியில்லன்னு. 'யாரும் வராதீங்க, சின்னவளக் கூட்டிட்டு வராதீங்க'ன்னு சொன்னியாம், என் பொண்ணயே. வீடியோல பேசினா ஃபோனத் தூக்கி மேல பாத்த மாதிரி வச்சுக்கற. ஃபேன்தான் தெரியுது. ஃபேன் கிட்ட நலம் விசாரிச்சுட்டு இருக்கேன் நான். எதுத்த வீட்டுக்காரம்மா சொல்றாங்க, வீட்டுக்குள்ளயே கண்ணாடி போட்டுட்டுத் திரியறன்னு. சரின்னு நேர்ல வந்தா, இவன் கதவ இவ்ளோண்டு திறந்து 'இன்னிக்கு அவளப் பாக்க முடியாது'ன்றான். யாரு யாரப் பாக்க முடியாது? என் தங்கச்சிய நான் பாக்க முடியாதா?

— ஒட்டிக்கும், அதான் பாக்க முடியாதுன்னு சொல்ல வந்தேன் மச்சான். பாதி வாக்கியத்துல கம்பி வந்துடுச்சு.

— மீதிய இப்பவும் பொய்யாத்தான் முடிக்கற. உள்ள வந்து பாத்தா எல்லா ஜன்னலுக்கும் திரை. பட்டப்பகல்ல வீடு குகை மாதிரி கிடக்கு. உனக்குக் கட்டிலு, அவளுக்குச் சமையல்கட்டுப் பக்கம் தரையில படுக்கை. தலகாணி தனி. தட்டு தனி. துண்டு தனியா ஒரு ஆணியில. நாயக் கூட யாரும் இப்படி ஒதுக்கி வைக்க மாட்டாங்கடா.

— அதெல்லாம் நான் ஒதுக்கினதுண்ணா. நானேதான்.

— எதுக்கு ஒதுக்கின?

— எதுக்கா? ராத்திரியெல்லாம் கண்ணுலேந்து தண்ணியும் பீளையுமா வழியுது. அது தலகாணியில படும். அந்தத் தலகாணியில இன்னொருத்தர் மூஞ்ச வச்சா அவருக்கும் வந்துடும். தலகாணி உறைய தினமும் மாத்திச் சுடுதண்ணியில போடறேன். நான் முகம் துடைச்ச துண்டுல வேற யாரும் துடைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சின்னவள ஏன் வர வேணாம்னேன்? வந்ததும் என் மேல ஏறி உக்காந்துக்குவா, கண்ணாடியப் புடுங்குவா, அந்தக் கையாலயே அவ கண்ணத் தேய்ப்பா. அதான். திரை போட்டது வெளிச்சம் லேசா கூசுதுன்னு. வேற ஒண்ணும் இல்ல.

— நல்லா சொல்லிக் குடுத்திருக்கான். வாத்தியில்ல, பாடம் நடத்திட்டான்.

— ஏய், ஒழுங்கா சொல்லு அவர் கிட்ட. மென்னு முழுங்காத.

— சொல்றேங்க. சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

— பாரு, உள்ள ஒளிஞ்சுட்டே உன்ன அதட்டறான். பூட்டின கக்கூஸ்ல உக்காந்துட்டு அதட்டறான். தள்ளு பாப்பா.

— தள்ள மாட்டேன்.

— தள்ளுன்றேன்ல.

— மாட்டேன். என்னத் தாண்டிப் போ... ஆ. அண்ணா.

— என்ன ஆச்சு? எங்க பட்டுது?

— முழங்கை. செவுத்துல போய் மோதிட்டேன். இவ்வளவு வேகமாவா தள்ளுவ?

— நீ ஏன் குறுக்க வர? காட்டு. கைய நீட்டு.

— வேணாம்.

— காட்டுன்றேன், ரத்தம் வருதான்னு பாக்கறேன்.

— சட்டைக் கையத் தூக்காத. விடு. கண்ணத் துடைச்ச கை இது, உனக்கும் ஒட்டிக்கும். ஒண்ணும் ஆகல. இன்னிக்கு இந்த வீட்டுல என் மேல கை வச்சது நீ ஒருத்தன்தான், அத ஞாபகம் வச்சுக்க.

— நான் வேணும்னு தள்ளல.

— எல்லாரும் அதான் சொல்வாங்க.

— மச்சான், கேட்டீங்களா? அவளே சொல்றா. இப்ப என் ஃபோன அவ கிட்டக் குடுங்க. மேஜை மேல இருக்கு. மேல இருக்கற ஜன்னல் வழியா அவ உள்ள போடுவா, நான் போலீசக் கூப்பிடறேன். எல்லாத்தையும் சட்டப்படி பேசிக்கலாம்.

— இதுவா உன் ஃபோன்? நகரு பாப்பா. இந்தா வாத்தி. கேட்டுதா சத்தம்? இப்ப கூப்பிடு.

— ஐயோ, புது ஃபோன் அது.

— புது மூஞ்சியே வாங்கித் தரேன் அவனுக்கு. இப்ப கதவு.

— அண்ணா, வேணாம். அண்ணா... கீழ்ப்பலகை போச்சு. பாவி, வாடகை வீடுண்ணா.

— ஓட்டை விழுந்துடுச்சு. தெரியுது, கால் தெரியுது. வா வெளிய. வாடா. கால இழுத்துக்கிட்டான் பாரு.

— கைய எடுங்க மச்சான். உள்ள விட்டீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். நான் படிச்சவன், என்ன மிருகம் ஆக்காதீங்க.

— பிடிச்சேன். சட்டையப் பிடிச்சேன். இப்ப எங்க போவ... டேய். டேய். கடிக்கிறான். பாப்பா, உன் புருஷன் கடிக்கிறான்.

— கைய வெளிய எடுண்ணா.

— படிச்ச மனுஷன் கடிக்கிற லட்சணத்தப் பாரு. பல்லு பதிஞ்சுடுச்சு. ரத்தம். சரி, இருக்கட்டும். இதுக்கும் சேத்து வாங்குவ. அந்தப் பல்லு ஒண்ணு கூட இன்னிக்கு உன் வாயில தங்காது.

— அண்ணா, நான் சொல்றத ஒரே ஒரு தடவ கேளு. கண்ணாடியக் கழட்டறேன். பாரு. நல்லா பாரு.

— பாப்பா. என்ன பாப்பா இது? ரெண்டு கண்ணும்.

— ரெண்டு கண்ணும்தான். முதல்ல இடது கண்ணு, மறுநாளே வலது. ஒண்ணுல வந்தா இன்னொண்ணுக்கும் பரவும்.

— இமை வீங்கிப் போயி மூடிக்கிச்சு. உள்ள ரத்தம் கட்டி இருக்கு. நான் எத்தன சண்டை பாத்திருக்கேன். எங்க டயர் கடைக்கு வர லாரி கிளீனர் ஒருத்தன் மூஞ்சில டிரைவர் குத்தினான், ரெண்டு கண்ணும் இதே மாதிரிதான் இருந்துச்சு. இதே மாதிரி.

— இதே மாதிரி இல்ல. அவனுக்குக் கண்ணு ஒட்டிக்கிச்சா? அவனுக்குத் தும்மல் வந்துச்சா?

— எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவன வெளிய இழுத்து இவன் ரெண்டு கண்ணையும் இப்படிப் பண்ணணும். அப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம், கண்வலியா குத்தான்னு.

— சரி. உனக்கு என் வார்த்தையில நம்பிக்கை இல்ல. உன் கையில நம்பிக்கை இருக்கில்ல? அடுப்புல தண்ணி இருக்கு பாரு, காலையில கொதிக்க வச்சது. கொஞ்சமா சூடு பண்ணி எடுத்துட்டு வா. நீயே என் கண்ணத் துடை. துடைச்சிட்டுச் சொல்லு, அடியா நோயான்னு.

— நான் இங்கேந்து நகந்தா இவன் ஓடிடுவான்.

— அஞ்சடி தள்ளி இருக்கு சமையல்கட்டு. கம்பியக் கக்கத்துல வச்சுக்க. உன்ன யாரு தடுத்தா?

— வாத்தி, கதவு சத்தம் கேட்டுதோ, அவ்வளவுதான்.

— நான் எங்கயும் போகல மச்சான். நீங்க நிதானமா பாருங்க. நியாயம் தானா தெரியும்.

— பாப்பா, இந்தக் கிண்ணமா?

— அதுதான். முதல்ல கையக் கழுவு. சோப்பு அங்க. அய்யோ, அந்தக் கறுப்பு கிரீசோட என் கண்ணுகிட்ட வந்துடாத. இன்னொரு தடவ. நகத்துக்குள்ளயும். கடியில பட்டா எரியும், எரியட்டும்.

— எரியுது.

— பஞ்சு டப்பா அலமாரியில. புதுசா எடு. தண்ணிய உன் மணிக்கட்டுல விட்டுப் பாரு, சுடக் கூடாது, வெதுவெதுன்னு இருக்கணும்.

— வெதுவெதுன்னுதான் இருக்கு.

— பஞ்ச நனைச்சு, பிழிஞ்சு, மூடின கண்ணு மேல சும்மா வை. அழுத்தாத. கொஞ்ச நேரம் அப்படியே இரு. காஞ்சு போன பீளை ஊறணும். காலையில எழுந்தா கண்ணத் திறக்கவே முடியாது தெரியுமா? கோந்து போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். முதல் நாளு பயந்தே போயிட்டேன், பார்வை போயிடுச்சுன்னு நெனச்சு.

— ஊறிடுச்சு.

— இப்ப துடை. மூக்குப் பக்கத்துலேந்து வெளிப் பக்கம். ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சத் தூக்கிப் போடு. போடுண்ணா, அதையே எடுத்துட்டு அடுத்த கண்ணுக்கு வராத.

— ஏன்? ரெண்டு கண்ணும் ஒரே ஆளோடதுதானே?

— இந்தக் கண்ணுல கொறஞ்சிருக்கு, அந்தக் கண்ணுல இன்னும் இருக்கு. நீ திருப்பிக் கொண்டு வந்து குடுக்காத. ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பஞ்சு.

— மஞ்சளா வருது.

— அடிச்சா மஞ்சளா வருமா?

— இரு, புதுப் பஞ்சு எடுத்துக்கறேன்.

— சொல்லு. தோல அழுத்திப் பாரு, லேசா. நீலமா இருக்கா? கன்னிப் போயிருக்கா?

— நீலம் இல்ல. இமைதான் வீங்கியிருக்கு. உனக்குக் காய்ச்சல் இருக்கா பாப்பா? நெத்தி சுடுது.

— இருந்துச்சு, இப்ப இல்ல. நான் வேலை பாக்கற காப்பகத்துல எல்லாக் குழந்தைங்களுக்கும் மூக்கு ஒழுகல். நான்தானே தூக்கி வச்சுக்கறேன், நான்தானே துடைச்சு விடறேன். மூஞ்சிக்கு நேரா தும்முதுங்க. அதான் வந்துச்சு.

— சொட்டு மருந்து ஒண்ணும் இல்லயா?

— அந்தச் சின்ன பாட்டில் இருக்கு பாரு, அது வெறும் ஈரத்துக்கு விடற சொட்டு. எரிச்சல் அடங்கும். அவர் மருந்துக் கடையில கேட்டு வேற ஒண்ணு வாங்கிட்டு வந்தார், டாக்டரம்மா தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. சளியில வந்ததுக்கு அதெல்லாம் வேலை செய்யாதாம், கண்டத விட்டா கண்ணுதான் கெடும். சளி போனா இதுவும் தானா போயிடும். பார்வை மங்கினாலோ, கண்ணுக்குள்ள குத்தற மாதிரி வலிச்சாலோ, வெளிச்சத்தப் பாக்கவே முடியாமப் போனாலோ உடனே வான்னாங்க. இது வரைக்கும் அப்படி ஒண்ணும் இல்ல.

— அப்ப இது...

— அண்ணா.

— என்ன சத்தம் அது? தாழ்ப்பாளா? டேய்.

— அண்ணா, விடு, போகட்டும்.

— வாசல் வரைக்கும் வந்துட்டான். நியாயம் தானா தெரியும்னு சொன்ன வாய் இதுதானே? நியாயம் தெரியற வரைக்கும் நிக்கத் தெரியாதா? தப்பு பண்ணாதவன் ஏண்டா ஓடற?

— கையில இரும்போட ஒருத்தன் நின்னா யாரா இருந்தாலும் ஓடுவாங்க. விடுங்க. கழுத்து. மச்சான், கழுத்த விடுங்க.

— ஓடினியே. அதான் கேக்கறேன். ஏன் ஓடின?

— அண்ணா, தலைய செவுத்துல மோதாத. மோதாத. அண்ணா, மண்டை உடைஞ்சுடும்.

— உடையட்டும். ஒண்ணு. இது என் தங்கச்சியத் தரையில படுக்க வச்சதுக்கு. இது கடிச்சதுக்கு. வாயத் துடைக்காத, துடைச்சா நிக்காது, இன்னும் வரும். பல்லு எங்க விழுந்துது பாரு பாப்பா, பொறுக்கி வை, ஸ்கூல்ல காட்டட்டும்.

— ஏய், சும்மா நிக்கற? புடிச்சு இழு இந்த ஆள.

— இழுக்கறேங்க, வர மாட்டேன்றான். அண்ணா, இந்தத் தண்ணியத் தலையில கொட்டிடுவேன். கொட்டிட்டேன். இப்பவாவது விடு.

— வெதுவெதுன்னுதான் இருக்கு. கொட்டு. டேய் வாத்தி, இந்தக் கம்பி இப்ப எங்க இருக்கு தெரியுதா? உன் குரவளை மேல. நான் உக்காந்தா போதும், அழுத்தக் கூட வேணாம். பாப்பா, இங்க பாரு. என் மூஞ்சப் பாத்துச் சொல்லு.

— பாக்கறேன்.

— ஒரே ஒரு கேள்வி. நீ ஆமான்னு சொன்னா இதோட முடிச்சிட்டு நான் ஜெயிலுக்குப் போயிடுவேன். எனக்கு வருத்தமே இல்ல. இவன் உன் கண்ணுல அடிச்சானா?

— இல்ல.

— சின்னவ மேல சத்தியமா?

— சின்னவ மேல சத்தியமா. என் கண்ணுல யாரும் அடிக்கல. ஜலதோஷத்துல வந்தது இது. ஒரு வாரமோ பத்து நாளோ, போயிடும். அதுக்காக நீ ஆயுசு பூரா உள்ள இருக்கணுமா? சின்னவ உன்ன ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கணுமா? எடு அந்தக் கம்பிய. அவர் முகம் நீலமாகுது. எடுண்ணா.

— உன் ஃபோன் அடிக்குது.

— உன் ஃபோன்தான். உன் சட்டைப் பையில. அண்ணியா இருக்கும். பேசு. கம்பிய எடுத்துட்டுப் பேசு.

— எடுத்துட்டேன். அசையாத வாத்தி. ம், சொல்லு. ஆமா, இங்கதான் இருக்கேன். அப்புறம் பேசறேன், வேலையா இருக்... என்னது? யாருக்கு? எப்பலேந்து? தூங்கி எழுந்தப்பவா? திறக்கவே முடியலயா? அழறாளா? ரெண்டு கண்ணுமா? ஒரு கண்ணா. இடதா. அவளுக்குப் போன வாரமே சளி இருந்துச்சே. ஆமா, பாப்பாவோட காப்பகத்துலதான் ஒட்டியிருக்கும். இல்ல, இல்ல, தேய்க்க விடாத. கையப் பிடிச்சுக்க. தண்ணியக் கொதிக்க வச்சு ஆற வை. வெதுவெதுன்னு. பஞ்சு வேணும், புதுசு. மூக்குப் பக்கத்துலேந்து வெளிப் பக்கமா... எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும். அவ துண்டத் தனியா வை. நான் வரேன். வை.

— சின்னவளா?

— கண்ணு ஒட்டிக்கிச்சாம். ஒரே மஞ்சளாம். அடிபட்ட மாதிரி வீங்கியிருக்குன்றா உங்கண்ணி.

— அவளயும் அவர்தான் அடிச்சிருப்பாரோ?

— பாப்பா, குத்தாத.

— சரி, குத்தல.

— பாப்பா, நான் என்ன பண்ணிட்டேன்?

— முதல்ல அவரத் தூக்கி உக்கார வை. துண்டு எடுத்துட்டு வரேன். அவர் துண்டு, பச்சை. என்னோடது இல்ல.

— மாப்பிள்ள. என்னப் பாருங்க மாப்பிள்ள. எந்திரிக்க முடியுதா? நான் ஒரு முட்டாப் பய. கண்ணு மண்ணு தெரியாத முட்டாப் பய. உங்க கையக் குடுங்க, இந்தக் கை இல்ல, அந்தக் கை.

— இப்ப மாப்பிள்ளயா? இத்தன நேரம் வாத்தியா இருந்தேன்.

— சொல்லுங்க, எவ்வளவு வேணா சொல்லுங்க. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன்.

— எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்ல. நான் படிச்சவன். நியாயமா பேசுவோம் மச்சான். மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. பல்லு ரெண்டு போயிருக்கு. கதவு போயிருக்கு. ஃபோன் போயிருக்கு. இதுக்கெல்லாம் நீங்க எத்தன வருஷம் உள்ள இருக்கணும்னு உங்களுக்கே தெரியும்.

— தெரியும். கேஸ் குடுங்க. நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

— குடுக்க மாட்டேன்.

— என்ன சொல்றீங்க?

— குடும்ப விஷயத்த வெளிய கொண்டு போற ஆள் இல்ல நான். ஸ்கூல்ல கேட்டா மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொல்லிக்கறேன்.

— நம்புவாங்களா மாப்பிள்ள?

— நம்புவாங்கண்ணா. மாடிப்படின்னு சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க.

— உன்னக் கேக்கல. இந்தா, துண்ட இப்படிக் கட்டு. இறுக்கமா. மச்சான், ஆனா ஒண்ணு. நான் கேஸ் குடுக்காம இருக்கணும்னா நீங்க எனக்கு ஒரு வாக்குக் குடுக்கணும்.

— எதுவா இருந்தாலும் சரி.

— இனிமே நீங்க இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. உங்க வீட்டம்மாவும் வேணாம். ஃபோனும் வேணாம். எனக்கு என் உயிர் மேல பயம் இருக்கில்ல? எப்ப எந்தக் காரணத்துக்குக் கம்பியத் தூக்கிட்டு வருவீங்கன்னு நான் காத்துட்டு இருக்க முடியாது. அவளும் அங்க வர மாட்டா.

— தங்கச்சிடா... தங்கச்சிங்க மாப்பிள்ள. கூடப் பொறந்தது ஒண்ணே ஒண்ணு.

— அத என் மண்டைய செவுத்துல மோதறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். அப்புறம், காப்பகத்துக்கும் அவ இனிமே போக வேணாம். அங்க போயித்தானே இந்த வியாதி வந்துச்சு? வியாதி வந்துதானே இவ்வளவும்? வீட்டோட இருக்கட்டும். கண்ணுக்கு ஓய்வு.

— ஏங்க, வேலைய ஏங்க...

— நான் உங்கண்ணன் கிட்டப் பேசிட்டு இருக்கேன்.

— சரிங்க.

— சொல்லுங்க மச்சான். வாக்கா, கேஸா?

— அவ நல்லா இருந்தா சரி. நான் பண்ணதுக்கு நீங்க கேக்கறது கம்மிதான். வர மாட்டேன். சத்தியம். இந்தப் படிய மிதிக்க மாட்டேன், ஃபோன் பண்ண மாட்டேன், என் வீட்டு ஆளுங்களையும் விட மாட்டேன்.

— நல்லது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் கடைசியா கூட்டிட்டுப் போங்க. வேன் எங்க?

— கீழதான் நிக்குது. கதவு பூட்டல. ஏறி உக்காருங்க, நான் வந்துடறேன். பிடிச்சுக்கட்டுமா?

— வேணாம். செவுத்தப் பிடிச்சுக்கிட்டுப் போயிக்கறேன். அவ கிட்டச் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டுச் சீக்கிரம் வாங்க. கை உயிர் போகுது. ஏய், தரையில ரத்தம் கிடக்கு, நான் வரதுக்குள்ள துடைச்சு வை.

— துடைச்சு வைக்கறேங்க.

— போயிட்டாரு. பாப்பா, எனக்கு உன் மூஞ்சப் பாக்கவே வெக்கமா இருக்கு. அவரு தங்கம். நான் மிருகம். கழுத்துல கம்பிய வச்சவனக் கூட ஜெயிலுக்கு அனுப்ப மனசில்லாத மனுஷன். உனக்கு இப்படி ஒருத்தர் அமைஞ்சிருக்காரேன்னு இனிமே நிம்மதியா இருப்பேன். பாக்க முடியலன்னாலும் பரவால்ல. அவர நல்லா பாத்துக்க. கண்ணு சரியாகற வரைக்கும் துண்டெல்லாம் தனியாவே வச்சுக்க. அவருக்கு ஒட்டிடப் போகுது.

— அண்ணா.

— என்ன பாப்பா?

— அந்தக் கம்பிய இங்க வை.

— எதுக்கு? கடையில நாளைக்கு வேணுமே.

— வை. அந்த மூலையில. கட்டிலுக்கு அடியில தள்ளு.

— தள்ளிட்டேன்.

— வேன் சாவி.

— சாவி எதுக்கு? அவரக் கூட்டிட்டுப் போகணும். ஹார்ன் அடிக்கிறார் பாரு.

— அடிக்கட்டும். சாவிய என் கையில குடு. ஒட்டிக்கும்னு பயப்படாத, அப்புறம் கழுவிக்கலாம்.

— இந்தா.

— இப்ப கீழ உக்காரு. செவுத்துல சாஞ்சு உக்காரு. நான் சொல்லி முடிச்ச உடனே எந்திரிக்க மாட்டேன்னு சொல்லு.

— உக்காந்துட்டேன். எந்திரிக்கல. சொல்லு.

— இப்ப குடுத்தியே ஒரு சத்தியம், வர மாட்டேன்னு. அதத் திரும்ப வாங்கிக்க.

— அது எப்படி? வாய்விட்டுக் குடுத்துட்டேன். அவ்வளவு பெரிய மனசு பண்ண ஆள் கிட்ட. ஏன் பாப்பா?

— முகத்துல மட்டும்தான் அவர் அடிக்க மாட்டாருண்ணா.